மோருக்கு இரண்டு தடவை காசு கொடுத்த பையன்

வடசென்னை வியாசர்பாடியில் நாங்கள் ஆடும் கிரவுண்டு ஓரத்தில் ஓர் அக்கா தள்ளுவண்டிக் கடை போட்டிருக்கிறார். காலையில் இட்லி, வெயில் ஏறினால் மோர், சுண்டல். ஃபுட்பால் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆஃப்சைடு என்றால் பந்து கோட்டுக்கு அந்தாண்ட போவது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் எங்கள் டீமில் தலையில் அடிபட்ட பையன் மறுபடி ஆடலாமா கூடாதா என்று சொல்வது அவர்தான். கோச் என்கிற நான் இல்லை. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நாலு வருடம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீமுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபைனல். ஒன்றுக்கு ஒன்று. எதிர் டீமுக்குக் கார்னர். என் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன், பத்தாவது படிக்கிற பையன்; ஒல்லி, ஆனால் எகிறினால் எல்லோர் தலைக்கும் மேலே நிற்பான். அவனும் எகிறினான், அவர்கள் ஃபார்வர்டும் எகிறினான். பந்து இருவர் மேலும் படவில்லை. கோயில் வாசலில் சிதறுகாய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

அந்த ஃபார்வர்டுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. கூட்டம் முழுக்க அவனைச் சூழ்ந்துகொண்டது. என் பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மல்லாந்து கிடந்தான், பத்து எண்ணுவதற்குள் தானே எழுந்து உட்கார்ந்தான். யாரோ இரண்டு பாக்கெட் தண்ணீரைத் தலையில் பீய்ச்சினார்கள். நான் இரண்டு விரலைக் காட்டி “எத்தனடா?” என்றேன். “ரெண்டு.” “ஆடுறியா?” “ஆடுறேண்ணா.” கன்னத்தில் ஒரு தட்டு தட்டி உள்ளே அனுப்பிவிட்டேன். வெளியே கைதட்டல் வேறு. இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

அதற்கப்புறம் பன்னிரண்டு நிமிடம் ஆடினான். அதில் ஒரு பந்தைத் தலையால் அடித்துக் கிளியர் செய்தான், அதற்கும் கை தட்டினோம். இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாமே கண்ணெதிரே இருந்தது. ஒரு த்ரோவை நேராக எதிராளி காலில் போட்டான். கட்டின ஷூ லேசைக் குனிந்து மறுபடி கட்டினான். மார்க் பண்ண வேண்டிய ஆளை விட்டுவிட்டு போஸ்ட்டைப் பார்த்து நின்றான். களைத்துவிட்டான் என்று நினைத்து “தூங்காதடா” என்று கத்தினேன். அந்தக் கத்தல் இன்னும் என் காதிலேயே நிற்கிறது. நாங்கள் ஜெயித்தோம்.

கப்பைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா கையில் மோர் குவளையோடு என்னிடம் வந்தார். “உன் புள்ள சரியில்ல தம்பி. மோர் குடிச்சான், காசு குடுத்தான். அஞ்சு நிமிசத்துல மறுபடியும் வந்து மோர் கேக்கறான், காசும் நீட்றான். இப்பதானடா குடிச்சன்னா முழிக்கிறான். எங்க மேட்ச் எத்தன மணிக்குக்கான்னு வேற என்னையே கேக்கறான்.”

ஆட்டோ பிடித்தோம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் இறங்கும்போது வாந்தி எடுத்தான், மேலே ஏறும்போது இன்னொரு தடவை. பெரியாஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை. எனக்கு உயிர் வந்தது. அங்கேதான் என் இரண்டாவது தவறும் ஆரம்பித்தது. ‘ஸ்கேன்ல ஒண்ணுமில்ல’ என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டேன். நாலாம் நாள் காலையில் அவன் கிரவுண்டுக்கு வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு ரவுண்டு ஓடியவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பள்ளியில் போர்டு எழுத்து ஆடுகிறது, சத்தம் தாங்கவில்லை, வீட்டில் தங்கச்சியைக் காரணமில்லாமல் அடிக்கிறான் என்று அவன் அம்மா சொன்னார். மறுபடி ஓ.பி.க்குக் கூட்டிப் போனபோது ஒரு டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: “தயிர்ச் சட்டியைப் போட்டுக் குலுக்கினா சட்டி உடையாது. ஆனா உள்ள தயிர் கலங்கிடும். ஸ்கேன்ல நாங்க பாத்தது சட்டியை.”

இதற்குக் கன்கஷன் என்று பெயர், தமிழில் மூளை அதிர்ச்சி என்கிறார்கள். நம் ஆட்களிடம் இதற்கு இன்னும் நல்ல வார்த்தை ஒன்று எப்போதோ இருந்திருக்கிறது: ‘பொறி கலங்கிடுச்சு’. மயங்கி விழுந்தால்தான் மண்டையில் சீரியஸ் அடி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் பத்தில் ஒன்பது பேர் நினைவு இழப்பதே இல்லை. நடப்பார்கள், பேசுவார்கள், பந்தும் அடிப்பார்கள். மூளை செல்கள் அடியிலிருந்து மீள்வதற்குத் தவித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் இரண்டாவது அடி விழுந்தால், அதுவும் சின்னப் பசங்களுக்கு, மூளை வீங்கி உயிரே போகலாம். அரிதுதான். ஆனால் என் பையனை அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அதன் விளிம்பில்தான் நிறுத்தியிருந்தேன் என்று தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் அன்று நினைவுக்கு வந்தது. நானே பதினைந்து வருடம் ஸ்டாப்பர் பேக் ஆடியவன். ஒரு மேட்ச்சில் முழங்கை பட்டு விழுந்து, எழுந்து ஆடி, ஃப்ரீ கிக்கில் கோலும் போட்டிருக்கிறேன். அந்தக் கோல் எனக்கு ஞாபகமே இல்லை. ராத்திரி நண்பர்கள் சொல்லித்தான் தெரியும். இதைக் கல்யாண வீடுகளில் ஜோக்காகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

உலகக் கோப்பையிலேயே இது நடந்தது. 2014 ஃபைனல், ஜெர்மனிக்கும் அர்ஜென்டினாவுக்கும். நம் ஊரில் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பித்த அந்த மேட்ச்சை இங்கே தெருவே உட்கார்ந்து பார்த்தது. ஜெர்மனியின் கிராமர் முகத்தில் அர்ஜென்டினா டிஃபெண்டரின் தோள் மோதியது. விழுந்தார், எழுந்தார், சுமார் கால் மணி நேரம் ஆடினார். நடுவில் ரெஃபரியிடம் போய் ‘இது ஃபைனலா?’ என்று கேட்டிருக்கிறார். ரெஃபரி விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, அப்புறம் கிராமரின் டீம்மேட் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொல்லித்தான் 31-வது நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். உலகத்தின் சிறந்த டாக்டர்கள் கோட்டோரம் உட்கார்ந்திருந்த மேட்ச் அது. என் பையன் மோர் அக்காவிடம் கேட்டதும் அதே மாதிரிக் கேள்விதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ‘ஆடுறியா?’ என்பது கேட்கக்கூடாத கேள்வி. எந்தப் பையனும் ‘ஆடலை’ என்று சொல்லமாட்டான். எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு ஃபுட்பால் வெறும் விளையாட்டு இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், அப்புறம் ஐ.சி.எஃப்., ரயில்வே, கஸ்டம்ஸ் டீம்களில் இடம், அதன் வழியாக ஒரு அரசு வேலை. கிரவுண்டுக்கு வெளியே யாராவது செலக்டர் நிற்கிறார் என்ற நினைப்பிலேயே ஆடுகிறவனிடம் தலை சுத்துதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? சரி, கோச் முடிவு செய்யலாமே என்றால், ஒன்றுக்கு ஒன்று ஸ்கோரில் கோச்சுக்கும் கண் மறைத்துவிடும். எனக்கு மறைத்தது. ஆகவே, யார் ஜெயித்தாலும் கவலைப்படாத ஒரு ஆள் வேண்டும். எங்களுக்கு அக்கா கிடைத்தார். உங்கள் கிரவுண்டில் அது ஒரு பையனின் அத்தையாக இருக்கலாம், ரிட்டயர்டு வாத்தியாராக இருக்கலாம். ஆடத் தெரியாதவராக இருப்பது இன்னும் நல்லது.

அவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது அதிகமில்லை. தலை, முகம், கழுத்து, எங்கே பலமாக அடிபட்டாலும் பையன் வெளியே வந்தாக வேண்டும். வந்ததும் விரல் காட்டுகிற வேலை இல்லை. அது கண்ணைச் சோதிக்கும், ஞாபகத்தைச் சோதிக்காது. கேட்க வேண்டியது: இது எந்த கிரவுண்டு? இப்போ முதல் பாதியா ரெண்டாவதா? கடைசி கோல் யார் போட்டது? போன மேட்ச் யாரோட ஆடினோம், ஜெயிச்சமா? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மேடக்ஸ் என்ற நரம்பு உளவியல் நிபுணர் பெயரில் உலகம் முழுக்கப் புழங்கும் கேள்விகள் இவை. அக்கா தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார்: “காலைல இன்னா துன்ன?” ஒரு பதில் தடுமாறினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் சொன்னாலும் தலைவலி, குமட்டல், கண் கூசுதல், நடையில் தள்ளாட்டம், வெறித்த பார்வை, காரணமில்லாத அழுகையோ கோபமோ இருந்தால் அப்போதும் முடிந்தது. எதுவுமே தெரியாவிட்டாலும் அந்த அடி சந்தேகமாக இருந்தால் உட்கார வைத்துவிடுவார். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரும் என்பதால் இதில் பேரம் கிடையாது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், பெரிய போட்டிகளில் ஒரு ஆளை வெளியே எடுத்தால் ஒரு சப்ஸ்டிடியூட் வீணாகிறதே என்ற தயக்கமாவது இருந்தது. அதற்காகவே மூளை அதிர்ச்சிக்கென்று தனி மாற்று வீரர் விதியை 2021-ல் சோதனையாகக் கொண்டுவந்து, 2024-ல் ஆட்டவிதிப் புத்தகத்திலேயே சேர்த்தார்கள். எங்கள் செவன்ஸில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். எங்களுக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

அடிபட்ட முதல் நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கிரவுண்டுகளில் பாசம்தான் அதிக சேதம் செய்கிறது. ஒருவன் விழுந்ததும் நாலு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். கூடாது. தலையில் அடிபட்டவனுக்குக் கழுத்தெலும்பிலும் அடிபட்டிருக்கலாம். அவன் பேசாமல் கிடந்தால், கழுத்து வலிக்குது என்றால், கை கால் மரத்துப்போச்சு என்றால், அசைக்காமல் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு 108-க்கு அடிக்க வேண்டும். மயங்கியவன் வாயில் தண்ணீர், சோடா எதுவும் ஊற்றக்கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் கல், போஸ்ட் எதுவும் இடிக்காமல் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான் முறை.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, இரட்டையாகத் தெரிவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிவது, போகப்போகக் குழப்பம் அதிகமாவது: இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரி. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு நேரத்தைக் கழிக்கக்கூடாது. நான் ஆட்டோவில் கூட்டிப் போனேன், அதுவும் தவறு. வாந்தி எடுத்தபோது அவனை ஒருக்களிக்கக்கூட இடமில்லை.

அந்த முதல் ராத்திரி அவன் அம்மா விடிய விடிய அவனைத் தூங்கவிடாமல் எழுப்பி உட்கார வைத்திருந்தார். தூங்கினால் கோமாவுக்குப் போய்விடுவான் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தியிருக்கிறார்கள். டாக்டர் பார்த்து அனுப்பிவிட்டால் தூங்கலாம், தூக்கம்தான் மருந்து. முதல் நாள் தனியாக விடக்கூடாது, அவ்வளவுதான். ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. உள்ளே கசிவு இருந்தால் அதிகமாகிவிடும். பெரிய பையன்களுக்கு ஒரு வார்த்தை: ஜெயித்த சந்தோஷத்தில் குவார்ட்டர் வாங்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அடிபட்டவன் அன்றைக்கு அதைத் தொடவும் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, மொபைலையும் முடிந்தவரை ஓரம் கட்ட வேண்டும். அப்புறமும் இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மெதுவாக நடக்கலாம். நடந்து தலைவலி கூடவில்லையென்றால் மறுநாள் லேசான ஓட்டம். அடுத்து பந்தோடு தனியாகப் பயிற்சி, ஹெட்டிங் (பந்தைத் தலையால் முட்டுவது) இல்லாமல். அதற்கப்புறம் டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால்தான் இடித்துப் பிடித்து ஆடும் முழுப் பயிற்சி, கடைசியாக மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. பள்ளிக்கூடத்துக்கு முழுசாகத் திரும்பாதவனுக்கு மேட்ச் கிடையாது. சின்னப் பசங்களுக்கு ஆற ஒரு மாதம்கூட ஆகும். இங்கிலாந்தில் 2023-ல் அடித்தள விளையாட்டுகளுக்கென்று வந்த வழிகாட்டியில் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பாதே என்று போட்டிருக்கிறார்கள். நாங்களும் அந்த மூன்று வாரத்தையே பிடித்துக்கொண்டோம். நாள் கணக்கு சுவரில் கரிக்கோட்டில் எழுதிவைத்தால் பையன்களே ஒருத்தனுக்கு ஒருத்தன் காவல்.

அந்தப் பையனின் அப்பா ஒருநாள் வந்து, “காசு பாக்காத தம்பி, நல்ல ஹெல்மெட்டா ஒண்ணு சொல்லு, வாங்கிடறேன்” என்றார். செக் தலையில் போட்டிருந்தாரே, அந்த மாதிரி. இங்கிலாந்தின் செல்சி கிளப் கோல்கீப்பர் பீட்டர் செக்குக்கு 2006-ல் எதிராளி முழங்கால் இடித்து மண்டையோடு உடைந்தது. ஆறியபின் அந்த மெத்தை வைத்த தொப்பியை ரிட்டயர் ஆகும்வரை கழற்றவில்லை. அது உடைந்த இடத்தைக் காப்பாற்றும், கிழியாமலும் காப்பாற்றும். ஆனால் உள்ளே தயிர் கலங்குவதை எந்தத் தொப்பியும் தடுப்பதாக நிரூபணமாகவில்லை. தொப்பி இருக்கிற தைரியத்தில் தலையை நீட்டுவான் என்பதுதான் என் பயம். அந்தக் காசில் நாலாம் நம்பர் பந்து இரண்டு வாங்கித் தரச் சொன்னேன்.

ஏனென்றால் எங்களிடம் இருந்ததே ஐந்தாம் நம்பர் பந்து மட்டும்தான். 410-லிருந்து 450 கிராம் எடை. எட்டு வயசுக் குழந்தையும் அதைத்தான் முட்டிக்கொண்டிருந்தது, அதுவும் மழையில் ஊறின மலிவுப் பந்து. இப்போது சின்னவர்களுக்கு மூன்றாம் நம்பர், அப்புறம் நாலு. கல்லு மாதிரி காற்றடிப்பதும் இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும்.

ஹெட்டிங் பயிற்சியையே குறைத்துவிட்டோம். என் காலத்தில் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு 50 தடவை முட்ட வைப்பார்கள். அமெரிக்காவில் 2015-லேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெட்டிங்கை நிறுத்திவிட்டார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் பதிவுகளைப் பார்த்து 2019-ல் சொன்னது: மூளை தேயும் நோய்களால் இறப்பது அவர்களிடம் மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு அதிகம். 2021-ல் இடம் வாரியாகப் பிரித்தபோது கோல்கீப்பர்களுக்கு அந்தக் கூடுதல் தெரியவில்லை, டிஃபெண்டர்களுக்கு நோய் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. அதைப் படித்துவிட்டு இந்த ஸ்டாப்பர் பேக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். அவர்கள் வருடக்கணக்கில் தினம் முட்டிய தொழில்முறை ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவனுக்கு அதே கணக்கு வராது என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். இங்கிலாந்து ஃபுட்பால் வீரர் ஜெஃப் ஆஸ்லே 59 வயதில் 2002-ல் இறந்தபோது, பந்தை முட்டி முட்டித் தொழிலால் வந்த நோய் என்று விசாரணை அதிகாரி பதிவு செய்தார். தொழில்நோய் என்றால் என்ன என்று வடசென்னைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு வயதுக்கு மேல் கற்றுக்கொடுக்கிறோம், ஆனால் லேசான பந்தில், கையால் மெதுவாகப் போட்டு, வாரத்துக்கு ஒரு நாள், பத்துக்கு மேல் இல்லை. கண் திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும், கழுத்து இறுகியிருக்கணும், பந்து நெற்றியில் படணும், உச்சந்தலையில் இல்லை. கழுத்துக்குத் தனியாகப் பயிற்சி உண்டு. இன்னொரு பழக்கம், குரல். எகிறுமுன் ‘என் பால்’ என்று கத்த வேண்டும். முழங்கையைப் பரப்பிக்கொண்டு எகிறினால் என் ஆளாக இருந்தாலும் நானே வெளியே எடுத்துவிடுவேன். தலைக்குத் தலையும், முழங்கையும்தான் பெரும்பாலான அடிக்குக் காரணம், பந்து அப்புறம்தான்.

கிரவுண்டையும் ஒருதரம் சுற்றிப் பாருங்கள். எங்கள் கோல் போஸ்ட் பைப்பில் வெல்டிங் அடித்தது, சும்மா நிறுத்தி வைத்திருந்தது. பொடிசுகள் அதில் தொங்கும். அது சாய்ந்து தலையில் விழுந்தால் செத்தே போவார்கள், வெளிநாடுகளில் அப்படிப் பல குழந்தைகள் செத்திருக்கிறார்கள். இப்போது பின்காலில் மணல் மூட்டை, முன்காலில் கிழிந்த மெத்தைப் பஞ்சைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். கோல் லைனுக்குப் பின்னால் மூன்றடியில் காம்பவுண்டுச் சுவர்; அந்தப் பக்கம் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டோம். ஆட்டம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது, பரவாயில்லை.

அந்தப் பையன் ஏழு வாரம் கழித்துத்தான் ஆட வந்தான். பரீட்சை எழுதினான், பாஸும் பண்ணினான். இப்போது காலேஜ் டீமில் மிட்ஃபீல்டு ஆடுகிறான். ஃபைனலில் என்ன நடந்தது என்று நாங்கள் சொன்னதுதான் அவனுக்குத் தெரியும். கப்பு போட்டோவில் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கிறான், ஆனால் அது அவன் நினைவில் இல்லை.

போன வாரம் ஒரு செமிஃபைனல். என் அக்கா மகன்தான் எங்கள் பெஸ்ட் ஃபார்வர்டு. முதல் பாதியில் முழங்கை பட்டு விழுந்தான், எழுந்தான், எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னான். கடை அக்கா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வேணா தம்பி, உக்காரட்டும்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பெனால்டியில் தோற்றோம். பசங்களில் இரண்டு பேர் அக்கா கடையில் அன்று சுண்டல் வாங்கவில்லை. வண்டியை மூடிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: “ஆமா, யாரு தம்பி ஜெயிச்சது?”

அன்று சாயங்காலமே அவனுக்குத் தலைவலி வந்துவிட்டது. இன்றைக்கு நாலாம் நாள். மற்றவர்கள் ஆட, அவன் மட்டும் சுவரோரமாக ரவுண்டு நடந்துகொண்டிருக்கிறான். பந்து பக்கத்தில் உருண்டு வரும்போதெல்லாம் கடை பக்கம் ஒரு பார்வை பார்க்கிறான்.